பின்னால வராத ஸ்கூட்டி

கண்ணாடியில இன்னைக்கி வெறும் ரோடுதான் தெரியுது. ரோடு, ஒரு பால் வண்டி, பால் வண்டி ஒதுங்குனதும் மறுபடி ரோடு. ஸ்கூட்டியக் காணோம். எனக்குன்னு தனியா ஒட்டி வச்சிருக்கிற கண்ணாடி இது. டிரைவிங் ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கம் ஒரு கண்ணாடி, ஒரு கிளட்ச், ஒரு பிரேக்கு, இந்த மூணுந்தான் பதினாறு வருசமா எனக்கும் எமனுக்கும் நடுவுல நிக்கிறது. அந்தக் கண்ணாடிக்குள்ள பன்னெண்டு நாளாக் குடியிருந்துச்சு அந்த ஸ்கூட்டி. பின் சீட்டுல ரப்பர் கயித்துல கட்டுன நீலத் தொட்டி, தொட்டிக்குள்ள இட்லி மாவுப் பாக்கெட்டு, முன்னாடி ஹெல்மெட்டு, ஹெல்மெட்டுக்குள்ள அமுதவல்லியக்கா. இந்தா எனக்கு வலது பக்கம் ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்திருக்கே ஷோபிகா, இந்தப் பிள்ளையோட அம்மா. பிள்ளைக்கி இப்பத்தான் பதினெட்டு முடிஞ்சு எல் போர்டு கெடச்சிருக்கு, காலைல ஆறரைல இருந்து ஏழு வரைக்கும் கிளாஸு. பிள்ளை கார ஓட்ட, அம்மா ஸ்கூட்டில பின்னாலயே வரும். இருபதுல போனா இருபதுல, நின்னா நின்னு. ஊர்ல வாத்துக்குப் பின்னாடி குஞ்சு போகும், இங்க குஞ்சுக்குப் பின்னாடி வாத்து வருதுன்னு மொத நாளே சொல்லிட்டேன். பிள்ளையும் சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். இன்னைக்கி வாத்து வரல. ஏன் வரலைன்னு எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், அதனால ரெண்டு பேரும் நேராப் பாத்துக்கிட்டுப் போறோம், எழவு வீட்டுக்குப் போற வண்டி மாதிரி.

பேசணும். நான் பேசாம ஒரு கிளாஸ் எடுத்ததாச் சரித்திரமே கெடையாது. எட்டாப்புல கோட்டடிச்சவன் நான், எழுதிப் போட்டுச் சொல்லிக் குடுக்க வராது, வாயும் மூஞ்சியும் வச்சுத்தான் பொழப்பு. எப்ப கியர் மாத்தணும்னு புஸ்தகத்துல என்னமோ நம்பர் போட்டிருப்பாய்ங்க, நான் இஞ்சின் மாதிரியே முக்கிக் காட்டுவேன். ம்ம்ம்முன்னு மூட்டை தூக்குறவன் மாதிரி முக்குச்சுன்னா கீழ் கியர் குடு, ஈஈஈன்னு குழாயடியில குடத்துக்குச் சண்டை போடுற மாதிரி கத்துச்சுன்னா மேல் கியர் போடு. சிரிச்சுக்கிட்டே கத்துக்கிருவாய்ங்க. சிரிக்கிறவனுக்குப் பயம் இருக்காது, பயம் இல்லாதவன் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்க மாட்டான், இது நான் கண்டுபுடிச்சது. இப்பக்கூட வண்டி மூணாவது கியர்ல ம்ம்ம்முன்னு முக்குது, சொல்லணும், வாயத் தொறந்துட்டேன், தொறந்த வாயில இருந்து யார் கொரல் வருமோன்னு ஒரு பயம் வந்து மூடிட்டேன். பிள்ளை தானாவே ரெண்டாவது போட்டுருச்சு. அழகாப் போட்டுச்சு. சபாசு சொல்ல நாக்கு தூக்கல. என் பக்கத்துக் கண்ணாடிக் கதவு தொறந்தே கெடக்கு, பனிக்காத்து காதுக்குள்ள ஊசி குத்துது. அதையும் மூடலாம். இன்னைக்கி மூடுனா யாரும் கேக்கப் போறதில்ல. பன்னெண்டு நாளும் வண்டியெடுக்கும்போது அந்தக்கா ஓடி வந்து, மாஸ்டர், கண்ணாடிய எறக்கி விட்ருங்க, பிள்ளைக்கி வேர்க்கும்னு சொல்லும். தை மாசத்துப் பனி, எனக்கு மப்ளரு, பிள்ளைக்கி ஸ்வெட்டரு, இதுல வேர்க்குமாம். இப்பவும் பாரு, அந்தக்கா சொன்னத நெனைக்கிறப்ப மனசுக்குள்ள என் கொரல்ல வரல, அச்சு அசலா அந்தக்கா கொரல்லயே வருது, 'விட்ருங்க'ல அந்த 'ரு' மேல ஏறி எறங்குறது மொதக்கொண்டு. நாக்கத்தான் கடிச்சு வைக்கலாம், மனச என்னத்தப் போட்டுக் கடிக்கிறது.

நேத்து நடந்தது இம்புட்டுத்தான். இம்புட்டுத்தான் இம்புட்டுத்தான்னு நூறு தடவ சொல்லிப் பாத்துட்டேன், ஒவ்வொரு தடவைக்கும் அது கூடிக்கிட்டே போகுது. கிளாஸ் முடிஞ்சு விராட்டிபத்து டீக்கடையில நிப்பாட்டுனோம். அங்கதான் அடுத்த கிளாஸுக்கு ஆள் மாறும். பேங்குல ரிட்டயரான சங்கரலிங்கம் சார் காத்துக்கிட்டு இருந்தாரு, கூட காலேஜ் பயலுக ரெண்டு பேரு. அந்தக்கா வர்ற வழியில ஒரு கடைக்கி மாவு போட ஒதுங்கிருச்சு. டீ கைக்கி வந்ததும் சாரு, என்ன சேவுகா, இன்னைக்கி ஒங்கிட்ட யாரு மாட்டுனதுன்னு கேட்டாரு. சார வேற அதுக்கு முந்துன நாளு நடிச்சுக் காட்டியிருந்தேன், ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடி மரியாதையா ரெண்டு தடவ இருமிட்டு அப்பறம் அடிப்பாரு, அத. அவரே சிரிச்சாரு, அதுனால அவருக்கு இன்னொருத்தரு வேணும், அது நாயம்தான. நான் பெஞ்சுல உக்காந்தேன். முட்டி ரெண்டையும் ஒட்ட வச்சுக்கிட்டேன், கழுத்த வேலிக்கு மேல எட்டிப் பாக்குற கோழி மாதிரி நீட்டுனேன். கண்ணாடிய எறக்கி விட்ருங்க, பிள்ளைக்கி வேர்க்கும். அவ்வளவுதான், கடையே கவுந்துருச்சு. அதோட நிப்பாட்டியிருக்கலாம். நான் எதத்தான் நிப்பாட்டுனேன். அந்தக்கா ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டு நிக்கிறப்பல்லாம் ஒண்ணு செய்யும், கண்ணாடியில பன்னெண்டு நாளாப் பாக்குறேன், உதடு முணுமுணுன்னு என்னமோ மந்திரம் சொல்லும், எடது காலு கீழ அமுக்கும், எடது கை தொடைக்குப் பக்கத்துல முன்ன ஒரு வெட்டு பின்ன ஒரு வெட்டு வெட்டும், அப்பறம் காலு விசுக்குன்னு மேல வரும். அதையும் செஞ்சேன். உதடு, காலு, கை, எல்லாம் நூல் புடிச்ச மாதிரி. அக்காவுக்கு அருள் எறங்கிருச்சுடோய், உடுக்கையக் கொண்டாங்கடான்னு முடிச்சேன். பயலுக பெஞ்சத் தட்டுறாய்ங்க. ஷோபிகாவுக்குச் சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிருச்சு, கண்ணுல தண்ணி. ஒரு ஆள் சிரிக்கிறதப் பாத்தா எனக்கு இன்னும் ரெண்டு கை மொளைக்கும், மறுபடி அமுக்குனேன், மறுபடி வெட்டுனேன். டீ ஆத்திக்கிட்டு இருந்த கடைக்காரரு கை மட்டும் நின்னுருச்சு. திரும்புனா அந்தக்கா நிக்கிது. ஹெல்மெட்டக் கழட்டல, முன் கண்ணாடிய மட்டும் மேல தூக்கி விட்ருக்கு, அதுக்குள்ள மூஞ்சி சின்னதா இருந்துச்சு. என்னையப் பாக்கல. பிள்ளையத்தான் பாத்துச்சு. மூக்கத் தொடச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைய. ஷோபி, வா, காலேஜுக்கு நேரமாச்சு. அம்புட்டுத்தான் சொன்னுச்சு. அதுக்கப்பறம் நான் ஒண்ணு பண்ணுனேன். வேணாம், அத இப்ப நெனைக்க வேணாம். பிள்ளை வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கு, முன்னாடி ஒரு மாடு நிக்கிது, ரோட்டப் பாரு சேவுகா.

மாடு போயிருச்சு. பிள்ளை பிரேக்கு அழகா எடுத்துச்சு, மாட்டுக்கே தெரியல அதுக்காக ஒரு வண்டி நின்னுச்சுன்னு. கண்ணாடியப் பாத்தேன். ரோடுதான். ஏன் பாக்குறேன், வரலன்னு தெரிஞ்ச பெறகு. ராத்திரி சாப்புடுறப்ப வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், இப்பிடி ஆகிப்போச்சுன்னு. அவுக என்ன சொன்னாகன்னு கேட்டா. ஒண்ணுஞ் சொல்லல, பிள்ளையக் கூப்புட்டுக்கிட்டுப் போயிட்டாகன்னேன். நீங்க என்ன சொன்னீகன்னா. நான் கொழம்ப ஊத்துன்னேன். இருபத்திரெண்டு வருசம் கூட இருந்தவ, கொழம்ப ஊத்திட்டு, அப்ப என்னமோ சொல்லியிருக்கீகன்னா. பாயில படுத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுப் பழகுனேன். மொதல்ல மேடைப் பேச்சுக்காரன் மாதிரி வந்துச்சு, என் அன்பிற்கினிய தாய்மார்களேன்னு. சீ போன்னு அந்தக் கொரலத் தள்ளி விட்டேன், கோயில் பூசாரி மாதிரி மூக்கால வந்துச்சு. அப்பறம் பள்ளிக்கூடத்துல கொட்டு வாங்குன பய மாதிரி. அப்பறம் டெஸ்ட்டுக்கு வர்ற ஆபீசர் முன்னாடி நான் குனியிறேன்ல, அந்தக் கொரல், ஐயா ஐயான்னு. ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது, வரிசையில நிக்கிது, ரேசன் கடையில மண்ணெண்ணெய்க்கு நிக்கிற மாதிரி முண்டுது. எல்லாரையும் தள்ளி விட்டுட்டு எங்கடா சேவுகன்னு தேடுனா அந்தப் பயலக் காணோம். நாப்பத்தெட்டு வயசாச்சு, எவன் கொரல் கேட்டாலும் பொழுது விடியுறதுக்குள்ள புடிச்சுருவேன், சொந்தமா ஒரு தப்புப் பண்ணிப்புட்டு அதச் சொல்ல ஒரு கொரல் இல்ல. வீட்டுக்காரி இருட்டுல, யாருகூடப் பேசுறீகன்னா. தூக்கத்துல உளறுற மாதிரி நடிச்சேன். அதையும் நல்லாத்தான் நடிச்சேன்.

மரக்கடை முன்னாடி ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்க ரிவர்ஸ் எடுக்குது, கிளீனர்ப் பய பின்னாடி நின்னுக்கிட்டு வரலாம் வரலாம்னு லாரிப் பலகையத் தட்டுறான். பிள்ளை நிப்பாட்டிருச்சு. இந்த எடம் லேசா மேடு, வாய்க்காப் பாலத்துக்கு ஏறுற எடம், பின்னாடி ஒரு பஸ்ஸு வந்து ஒட்டி நிக்கிது. மேட்டுல வண்டியெடுக்கிறது பிள்ளைக்கி இன்னும் சரியா வரல, போன வாரம் இதே எடத்துல மூணு தடவ ஆஃப் ஆயி அழுதுருச்சு, அப்ப அந்தக்கா பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவுல ஸ்கூட்டிய நிப்பாட்டி, பஸ்காரனப் பாத்து, பொறுங்கண்ணே, படிக்கிற பிள்ளைன்னு கையக் காமிச்சுக்கிட்டு நின்னுச்சு. அது கொண்டு வந்த மாவெல்லாம் நேரமாகிப் புளிச்சா யாரு கேப்பா, அதப் பத்திக் கவலப்படல. இன்னைக்கி நடுவுல யாரும் இல்ல. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். பிள்ளை கழுத்துல ஒரு நரம்பு துடிக்குது. நான் சொல்லணும், பயப்படாத தாயி, நான் இருக்கேன், எங்கிட்டயும் பிரேக்கு இருக்குன்னு. சொல்லலாம். ஆனா நேத்துக் கடைசியாப் பண்ணுன அந்த ஒண்ணு குறுக்க நிக்கிது, இந்த லாரி மாதிரி, முன்னயும் போகாம பின்னயும் போகாம. சரி, நெனைச்சுத் தொலைக்கிறேன். அந்தக்கா, ஷோபி, வா, காலேஜுக்கு நேரமாச்சுன்னு சொன்னுச்சா. ஒரு மனுசன் அப்ப என்ன செய்யணும். எந்திரிக்கணும், இல்ல தலையக் குனியணும், டீ கிளாசப் பாத்துக்கிட்டாச்சும் இருக்கணும். நான் அந்தக்கா கொரல்லயே, அந்தக்கா மூஞ்சிக்கு நேரா, ஆமா ஷோபி, நேரமாச்சுன்னு சொன்னேன். நான் சொல்லணும்னு சொல்லல. அது வந்துருச்சு. கொட்டாவிக்குக் கொட்டாவி வருமே அப்பிடி. சத்தியமா கேலி பண்ணணும்னு இல்ல, கோயில்ல வேணும்னாலும் கற்பூரம் அணைக்கிறேன், ஆனா அந்தக்காவுக்கு அது எப்பிடித் தெரியும். யாரும் சிரிக்கல. காலேஜ் பயலுககூடச் சிரிக்கல, அவய்ங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாய்ங்க. பத்தொம்பது வயசுப் பயலுகளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அந்தக்கா அப்பத்தான் மொத மொதலா என்னையப் பாத்துச்சு. திட்டுற பார்வை இல்ல. பஸ்ஸுல தெரியாதவன் காலு நம்ம காலு மேல பட்டா ஒதுக்கிக்கிருவமே, அப்பிடிப் பாத்துட்டு ஹெல்மெட்டுக் கண்ணாடியக் கீழ எறக்கி விட்ருச்சு.

லாரி ஒதுங்கிருச்சு. பிள்ளை கிளட்ச மிதிக்குது. ஸ்கூல் வண்டியில ரெண்டு கிளட்சும் ஒண்ணுக்கொண்ணு சேந்தது, அந்தப் பக்கம் மிதிச்சா என் பக்கமும் உள்ள போகும், நான் சும்மா பாதத்த மேல வச்சிருந்தாப் போதும், பிள்ளை காலு என்ன செய்யிதுன்னு என் பாதத்துக்கு அப்பிடியே தெரியும். இப்ப உள்ள போகுது. பிள்ளையோட எடது கை கியர முன்ன தள்ளுது. என் பாதத்துக்கு அடியில கிளட்சு பைய்ய மேல வருது, வருது, நடுவுல ஒரு எடத்துல நிக்கப் பாத்துட்டு, விசுக்குன்னு எந்திரிச்சுருச்சு. வண்டி குதிச்சு ஆஃப் ஆயிருச்சு. பஸ்ஸு ஹாரன். மறுபடி கிளட்சு உள்ள போகுது, மறுபடி கை முன்ன தள்ளுது, மறுபடி பைய்ய மேல. எனக்கு இந்தத் தாளம் தெரியுமே. இத எங்கயோ, இந்தக் காலு, இதே காலு, இதச் செஞ்சிருக்கே, வண்டியில இல்ல, தரையில, செருப்பு தரையில உரசுன சத்தத்தோட. கீழ அமுக்கு, கை முன்ன, விடு. கீழ அமுக்கு, கை பின்ன, விடு. முன்ன தள்ளுனா ஃபர்ஸ்ட்டு. பின்ன இழுத்தா செகண்டு. அடியாத்தி. ஸ்கூட்டில எடது காலுக்கு வேலையே இல்லையே. எடது கைக்கிக் கியரே இல்லையே. நேத்து டீக்கடை பெஞ்சுல நான் அருள் எறக்கிக் காட்டுனது கிளட்சும் கியரும். பதினாறு வருசம், ஆயிரம் பேருக்கு மேல இந்தக் காலத் தூக்கக் கத்துக் குடுத்தவன், என் காலாலயே அதச் செஞ்சேன், ஒரு மயிரெழை பெசகாமச் செஞ்சேன், என்ன செய்யிறேன்னு எனக்குத் தெரியல. உதடு. மந்திரம்னு நெனச்சனே. நான் சொல்லிக் குடுக்கிறதத்தான் அந்தக்கா சொல்லிக்கிட்டு வந்திருக்கு, மிதி, போடு, பைய்ய விடு, லேசாக் குடு. பன்னெண்டு நாளா எனக்கு ரெண்டு பேரு கிளாஸுக்கு வந்திருக்காக, ஒருத்தர் உள்ள, ஒருத்தர் பின்னாடி.

மூணாந்தடவ வண்டி எந்திரிச்சு பாலத்துல ஏறிருச்சு, பிள்ளையாவே எடுத்துச்சு, நான் ஒண்ணும் செய்யல, என் காலத் தூக்கிச் சீட்டு மேல வச்சுக்கிட்டேன். அந்தக் காலப் பாக்கவே எனக்குப் புடிக்கல. நானே எப்பிடிக் கத்துக்கிட்டேன். லாரியில கிளீனரா ரெண்டு வருசம், டிரைவர் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்ததில்ல, இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு அவரு காலப் பாத்து என் காலால வெறும் தரைத் தகரத்த மிதிச்சு மிதிச்சுத்தான் கத்துக்கிட்டேன். ஒருநா அத அவரு பாத்துட்டாரு. பாத்துட்டு, ஓட்டல்ல பத்து டிரைவருக்கு முன்னாடி, ஏய் இந்தப் பய தகரத்துல லாரி ஓட்டுறான்டான்னு சொல்லி என் காலு மாதிரியே ஆட்டிக் காட்டுனாரு. எல்லாரும் சிரிச்சாக. அந்தக் கதைய நான் எம்புட்டு பேருக்குச் சொல்லிச் சிரிக்க வச்சிருக்கேன், அந்த டிரைவரு கொரல்லயே. அன்னைக்கி லாரி டயருக்குப் பின்னாடி போயி நின்னேன்ல, அத மட்டும் எந்தக் கதையிலயும் சொன்னதில்ல. ஒரு வாரம் என் காலு தகரத்தத் தொடல. பாப்பா, ஒங்கம்மா வண்டி கத்துக்கிருதான்னு கேட்டேன். என் கொரல் எனக்கே கேக்கல, இஞ்சின் சத்தத்துக்குள்ள போயிருச்சு. பிள்ளைக்கிக் கேட்டுருச்சு. ரோட்டப் பாத்துக்கிட்டே ம்னுச்சு. அப்ப கண்ணாடிய எறக்கச் சொன்னதுன்னு இழுத்தேன். நீங்க சொல்றது வெளிய கேக்கணும்னுதான் மாஸ்டர், ஒங்களுக்குத்தான் கொரல் பெருசாச்சேன்னுச்சு. மாவு போட சின்னதா ஒரு லோடு வண்டி வாங்கணும்னு அம்மாவுக்கு ரெம்ப நாளா ஆச, ஸ்கூட்டில ஒரு தொட்டிக்கு மேல வைக்க முடியலையாம். அப்பாகூட நீயும் சேந்துக்கன்னு சொன்னாராம். இந்த வயசுல போயி ஸ்டியரிங்கப் புடிச்சா நாலு பேரு சிரிப்பாகன்னு வேணாம்னுருச்சாம். நாலு பேரு. நான் ஒருத்தனே போதும்.

இதெல்லாம் ஒனக்குத் தெரியுமான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிள்ளை இண்டிகேட்டரப் போட்டுச்சு, கண்ணாடியப் பாத்துச்சு, ஒதுக்கி நிப்பாட்டிட்டு ஹேண்ட் பிரேக்கு போட்டுச்சு, எல்லாம் நான் சொல்லிக் குடுத்த வரிசையில. "தெரியும் மாஸ்டர். நீங்க தெரியாமப் பண்ணுனீங்க. நான் தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சேன்." அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லாயிருந்திருக்கும். நேத்துல இருந்து வீட்டுல அம்மா கோவமாவே இல்லையாம், அரிசி ஊறப் போட்டுச்சாம், கிரைண்டர் ஓட்டுச்சாம், தலையப் பின்னி விட்டுச்சாம், காலைல மட்டும், நீ போயிட்டு வா, எனக்குக் கடைக்கிப் போற சோலி கெடக்குன்னுச்சாம். இனிமே வராது மாஸ்டர், கேட்டா வேலைன்னு சொல்லும், லோடு வண்டிப் பேச்சே எடுக்காதுன்னு சொல்லிட்டு பிள்ளை ஸ்டியரிங்க விரலால சொரண்டிக்கிட்டே இருந்துச்சு. ஏழு ஆக இன்னும் பத்து நிமிசம் கெடக்கு. இப்பத் திரும்பி விராட்டிபத்துக்குப் போனா சாரு நிப்பாரு, டீ வரும், இன்னைக்கி யாருன்னு கேப்பாரு. இந்நேரம் ஒங்கம்மா எந்தக் கடையில இருக்கும்னு கேட்டேன். அச்சம்பத்து மளிகைக் கடைன்னுச்சு. நேரா விடுன்னேன். பிள்ளை என்னைய ஒரு பார்வை பாத்துட்டு ஃபர்ஸ்ட்டு கியர் போட்டுச்சு.

அங்கதான் நிக்கிது ஸ்கூட்டி, கடைக்கி முன்னாடி, கண்ணாடிக்குள்ள பாத்துப் பாத்து நேருல பாக்க என்னமோ வேற வண்டி மாதிரி இருக்கு. எறங்கி நடக்குறேன், காருல இருந்து கடைக்கி இருபது அடி இருக்கும், என் நடையக்கூட நான் யாருகிட்ட இருந்து எடுத்தேன்னு தெரியல. கடைக்காரரு என்னையப் பாத்ததுமே பல்லக் காட்டுறாரு, வாங்க மாஸ்டர், இன்னைக்கி யாரு மாதிரின்னு. ஊரெல்லாம் இப்பிடித்தான் வெதச்சு வச்சிருக்கேன். அந்தக்கா ஃபிரிட்ஜுக்குள்ள பாக்கெட்ட அடுக்கிக்கிட்டு இருக்கு, முதுகு தெரியுது, திரும்பல, ஆனா அடுக்குற கை நின்னுருச்சு. யக்கான்னேன். மேடைப் பேச்சுக்காரன் வந்தான், பூசாரி வந்தான், கொட்டு வாங்குன பய வந்தான், எல்லாரையும் பல்லக் கடிச்சு உள்ள தள்ளுனேன். மிச்சம் ஒரு கட்டக் கொரல் வந்துச்சு, கரகரன்னு, கேக்க நல்லாவே இல்ல. "நேத்து நான் பண்ணுனது தப்புக்கா. கடைசியா ஒண்ணு சொன்னேன்ல, அது ரெம்பத் தப்பு." கடைக்காரரு நான் என்னமோ வெளையாட்டுக் காட்டப் போறேன்னு இன்னும் பல்லக் காட்டிக்கிட்டே நிக்கிறாரு.

அந்தக்கா திரும்புச்சு. முந்தானையில கையத் தொடச்சுச்சு. ரோட்டோரம் கார்ல உக்காந்திருக்கிற பிள்ளையப் பாத்துச்சு, அப்பறம் என் மூஞ்சியப் பாக்காம என் காலப் பாத்துச்சு.

"நேத்து என் காலு மாதிரி ஒண்ணு செஞ்சீகள்ல மாஸ்டர். அத இன்னொருக்கச் செய்யிங்க."

அறைஞ்சிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். வேணாங்க்கான்னேன். கையெடுத்துக் கும்புட்டேன்.

"செய்யிங்க. நான் செய்யிறத நான் பாத்ததில்ல."

ரோட்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சைக்கிள்ல போகுது, பஸ்ஸுக்கு நாலு பேரு நிக்கிறாக. கடை வாசல்ல ஒரு அரிசி மூட்டை இருந்துச்சு, அது மேல உக்காந்தேன். முட்டிய ஒட்ட வைக்கல, கழுத்த நீட்டல, உதட்ட அசைக்கல, கால மட்டும். கீழ அமுக்குனேன். கைய முன்ன தள்ளுனேன். விட்டேன். மறுபடி அமுக்குனேன், கைய பின்ன இழுத்தேன், விட்டேன். கடைக்காரரு ஹஹ்னு ஆரம்பிச்சு, எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டு, ஒரு சீப்பு வாழப்பழத்தத் தூக்கி வேற ஆணியில மாட்டப் போயிட்டாரு. வாழ்க்கையில யாரும் சிரிக்காம நான் ஒருத்தரச் செஞ்சு காட்டுனது அதுதான் மொதத் தடவ. மூஞ்சி பத்தி எரியுது, காது சுடுது. அந்தக்கா குனிஞ்சு என் பாதத்தையே பாக்குது, துணி தைக்கிறவுக ஊசியப் பாக்குற மாதிரி. நாலு தடவ செஞ்சேன். போதும்னு சொல்லல, அதுனால அஞ்சாவதும் செஞ்சேன்.

"சரியாத்தான் இருக்கா?"

மிதிக்கிறது சரிக்கா, கியரும் சரி, ரெண்டும் டெஸ்ட்டுக்கே போதும்னேன். "விடுறதுதான் விசுக்குன்னு விட்டுர்றீக. அப்பிடி விட்டா வண்டி குதிச்சு ஆஃப் ஆயிரும். ஏன் அந்த எடத்துல மட்டும் அம்புட்டு அவசரம்?"

அந்தக்கா ஃபிரிட்ஜுக் கதவச் சாத்துச்சு. தொட்டியத் தூக்கிப் பின் சீட்டுல வச்சு, ரப்பர் கயித்த இழுத்து மாட்டிக்கிட்டே, யாரோ மூணாவது ஆளப் பத்திப் பேசுற மாதிரி சொன்னுச்சு.

"யாராச்சும் பாத்துருவாகளோன்னுதான் மாஸ்டர்."